உறங்கும் டிவிக்கு நேரம் குறித்துக் கொடுப்பது எப்படி?

ஸ்மார்ட் டிவியின் பின்மூடிக்குள் இருப்பது ஒரு முழுக் கணினி. செயலி உண்டு, நினைவகம் உண்டு, பெரும்பாலானவற்றில் லினக்ஸ் என்ற இயங்குதளமும் உண்டு. எல்ஜி டிவிகளில் ஓடும் வெப்ஓஎஸ் லினக்ஸின் மேல் கட்டப்பட்டது. 2009-ல் பாம் நிறுவனம் அதைக் கைப்பேசிக்காகக் கொண்டுவந்தது. பிறகு எச்பி கைக்குப் போய், 2013-ல் எல்ஜியிடம் வந்து, 2014 முதல் டிவிகளில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு டிவியும் லினக்ஸின் மையப் பகுதியான கருவின் மேல்தான் நிற்கிறது. கணினி என்று ஆன பிறகு, 'தினமும் காலை ஆறரை மணிக்கு இந்த வேலையைச் செய்' என்று அதனிடம் சொல்லிவைக்க முடியவேண்டும். முடியும். ஆனால் அலுவலக மேசையில் இரவும் பகலும் ஓடும் கணினிக்குச் சொல்வதுபோல டிவிக்குச் சொன்னால் வேலை நடக்காது. டிவி பாதி நாள் உறக்கத்தில் இருக்கிறது. எங்கள் கொடைக்கானல் மலையில் மின்சாரமும் போய்விடுகிறது.

கொடைக்கானலிலும் அதைச் சுற்றியுள்ள வில்பட்டி, பள்ளங்கி, பூம்பாறை ஊர்களிலும் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களுக்குக் கணினி வேலை செய்துகொடுப்பது என் தொழில். வில்பட்டியில் ஓர் அக்கா, கூடத்து டிவியில் விருந்தினருக்கான அறிவிப்புகளைப் படங்களாகக் காட்டுகிறார். கொடைக்கானலுக்குள் வர இ-பாஸ் என்ற இணைய அனுமதி எடுத்தீர்களா என்று ஒரு படம்; 2024 மே 7 முதல் அது கட்டாயம். அன்றைய சாப்பாட்டுப் பட்டியல் ஒரு படம், எந்தப் பாதை மூடியிருக்கிறது என்று ஒரு படம். தினமும் விடியற்காலையில் பென் டிரைவில் ஏற்றி டிவியில் செருகிக்கொண்டிருந்தார்.

“தம்பி, இதற்காகத் தினமும் நான் எழுந்திருக்க வேண்டுமா? டிவியே பார்த்துக்கொள்ளாதா?” என்று கேட்டார்.

“பார்த்துக்கொள்ளும் அக்கா. ஆனால் அது எப்போது தூங்குகிறது, எப்போது விழிக்கிறது என்று முதலில் தெரியவேண்டும்” என்றேன்.

அவருக்குச் சொன்னதை விரித்து எழுதுகிறேன். லினக்ஸ் கட்டளைகளில் அதிகப் பழக்கம் இல்லாதவர்களுக்கும் புரியவேண்டும் என்பது என் விருப்பம்.

ரூட், ஸ்கிரிப்ட்

டிவியை விலை கொடுத்து வாங்கியவர் நாம்தான் என்றாலும் அதற்குள் நமக்குக் கிடைப்பது குறைந்த உரிமையே. லினக்ஸில் எல்லா அதிகாரமும் உள்ள பயனருக்கு ரூட் என்று பெயர். அந்த அதிகாரத்தை உரிமையாளர் தன் கைக்குக் கொண்டுவருவதைத்தான் டிவியை ரூட் செய்வது என்கிறோம். அதைச் செய்யும் வழி மாடலுக்கு மாடல் மாறும், மென்பொருள் பதிப்புக்குப் பதிப்பு மாறும்; அதற்குள் நான் போகவில்லை. உங்கள் வெப்ஓஎஸ் டிவி ஏற்கெனவே ரூட் ஆகியிருக்கிறது, ரூட் செய்த டிவிக்கான ஹோம்ப்ரூ சேனல் என்ற ஆப் அதில் இருக்கிறது, வீட்டுக் கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக (இன்னொரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைந்து கட்டளை அடிக்கும் முறை) டிவிக்குள் நுழைய முடிகிறது என்று வைத்துக்கொள்கிறேன். ரூட் செய்த டிவிக்கு உத்தரவாதம் கேள்விக்குறியாகலாம். மென்பொருள் புதுப்பித்தால் ரூட்டே போய்விடலாம். இவை தெரிந்து, தன் சொந்த டிவியில் மட்டும் செய்யவேண்டிய வேலை இது.

ஸ்கிரிப்ட் என்பது கட்டளைகளை வரி வரியாக எழுதிவைத்த சாதாரண உரைக் கோப்பு. மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக நிறைவேறும். அக்காவுக்கு வேண்டிய ஸ்கிரிப்ட், வீட்டுக் கணினியில் இருக்கும் புதிய படங்களை டிவிக்கு நகலெடுக்கவேண்டும். நகல் சரியாக முடிந்த பிறகு பழையவற்றை நீக்கவேண்டும். கடைசியாகத் திரையின் மூலையில் 'படங்கள் வந்துவிட்டன' என்று ஒரு சிறு அறிவிப்பைக் காட்டவேண்டும். வெப்ஓஎஸ்ஸின் பகுதிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள லூனா என்ற அமைப்பு உள்ளே இருக்கிறது. லூனா-சென்ட் என்ற கட்டளையால் நாமும் அதனிடம் பேசி இப்படி அறிவிப்புக் காட்டச் சொல்லலாம். நகலெடுப்பதற்கு முன்பே பழையதை நீக்கும்படி எழுதிவிடாதீர்கள். பாதியில் இணைப்பு அறுந்தால் கூடத்து டிவி காலியாக நிற்கும்.

விண்டோஸ் கணினியில் எழுதிய ஸ்கிரிப்டை அப்படியே டிவிக்கு அனுப்பினால் பல நேரம் ஓடாது. விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைக் கூடுதலாக வைக்கிறது. லினக்ஸ் அதைக் கட்டளையின் பகுதியாக எடுத்துக்கொண்டு, அப்படி ஒரு நிரலே இல்லை என்று சொல்லிவிடும். உரைத் திருத்தியில் வரி முடிவை லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸின் முறைக்கு மாற்றிச் சேமித்தால் போதும். பிறகு அந்தக் கோப்புக்கு இயங்கும் அனுமதியும் கொடுக்கவேண்டும். இந்த இரண்டையும் விட்டுவிட்டு நேர அட்டவணையில் குறை தேடுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். எனவே முதலில் ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டிப் பாருங்கள். கையால் ஓடாத ஸ்கிரிப்ட் எந்த மணிக்கும் ஓடாது.

கிரான் என்னும் நேரக்காப்பாளர்

லினக்ஸில் நேரப்படி வேலை வாங்கும் நிரலுக்குக் கிரான் என்று பெயர். 1979-ல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே அது இருந்தது. இன்று பல லினக்ஸ் கணினிகளில் இருப்பது 1987-ல் பால் விக்ஸி எழுதியதன் வழிவந்தது. டிவி போன்ற சிறு சாதனங்களில் பெரும்பாலும் பிசிபாக்ஸ் என்ற தொகுப்பு இருக்கும். பல சிறு கட்டளைகளை ஒரே கோப்பில் அடக்கிய தொகுப்பு அது, அதற்குள்ளும் ஒரு கிரான் உண்டு. எந்தக் கிரானாக இருந்தாலும் அடிப்படை ஒன்றே. நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, அட்டவணையைப் பார்த்து, இந்த நிமிடத்துக்கு உரிய வேலை ஏதாவது இருந்தால் தொடங்கிவைக்கும். பிறகு அடுத்த நிமிடம்.

அட்டவணையில் ஒரு வேலைக்கு ஒரு வரி. வரியின் தொடக்கத்தில் ஐந்து இடங்கள். இடமிருந்து வலமாக நிமிடம் 0 முதல் 59 வரை, மணி 0 முதல் 23 வரை, தேதி 1 முதல் 31 வரை, மாதம் 1 முதல் 12 வரை, கிழமை 0 முதல் 6 வரை. கிழமையில் 0 என்றால் ஞாயிறு. ஐந்துக்கும் பின்னால் ஓடவேண்டிய ஸ்கிரிப்டின் முழு முகவரி, அதாவது எந்தக் கோப்புறைக்குள் எந்தப் பெயரில் இருக்கிறது என்பது. நட்சத்திரக் குறி இட்டால் 'எதுவானாலும் சரி' என்று பொருள். தினமும் காலை ஆறரைக்குப் படங்கள் வரவேண்டும் என்றால் வரி இப்படி இருக்கும். கடைசியில் தமிழில் எழுதியிருப்பது ஸ்கிரிப்டைக் குறிக்க மட்டும். அந்த இடத்தில் கோப்பின் உண்மையான முகவரி வரும்.

30 6 * * * படங்கள்

காலை ஆறு மணி முதல் இரவு 9:45 வரை கால் மணிக்கு ஒருமுறை இணைய இணைப்பைச் சோதிக்க:

*/15 6-21 * * * இணைப்புச் சோதனை

ஞாயிறு இரவு பத்து மணிக்கு அமைப்புகளை நகலெடுத்து வைக்க:

0 22 * * 0 காப்பு நகல்

புதிதாகக் கற்கிறவர்கள் தடுக்கி விழும் இடம் முதல் நட்சத்திரம். ஆறு மணிக்கு ஓடவேண்டும் என்று நினைத்து * 6 * * * என்று எழுதிவிடுகிறார்கள். இதற்குப் பொருள், மணி ஆறாக இருக்கும்வரை எந்த நிமிடமானாலும் ஓடு என்பது. 6:00 முதல் 6:59 வரை அறுபது முறை அந்த ஸ்கிரிப்ட் ஓடும். நிமிடத்தின் இடத்தில் 0 போட்டால்தான் ஒருமுறை.

தேதியையும் கிழமையையும் ஒரே வரியில் கொடுத்தாலும் எதிர்பாராதது நடக்கும். 0 9 1 * 1 என்று எழுதினால், முதல் தேதி திங்கட்கிழமையாக இருக்கும் நாளில் மட்டும் ஓடும் என்று தோன்றும். கிரான் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முதல் தேதியிலும் ஓடும், ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஓடும். இரண்டில் ஒன்றை நட்சத்திரமாக விட்டுவிடுவதே நல்லது.

அட்டவணையை டிவியில் எங்கே வைப்பது?

சாதாரண லினக்ஸில் அட்டவணைக்கென்று இடம் இருக்கிறது. வெப்ஓஎஸ்ஸின் அடிப்படைக் கோப்பு அமைப்போ படிக்க மட்டுமே திறந்திருக்கும், எழுத விடாது. நாம் எழுதக்கூடிய இடங்கள் சில உண்டு. அவற்றில் வைத்தது மின்சாரம் போனாலும் அழியாது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு கோப்புறை உண்டாக்கி, அதில் ரூட் என்ற பெயரில் அட்டவணைக் கோப்பை வையுங்கள். கோப்பின் பெயர் எந்தப் பயனருடையதோ அவருடைய உரிமையில் வேலைகள் ஓடும். பிசிபாக்ஸின் கிரானைத் தொடங்கும்போது, கழித்தல் குறியோடு சிறிய 'சி' எழுத்தைச் சேர்த்து, பின்னால் அந்தக் கோப்புறையின் முகவரியைக் கொடுத்தால், அட்டவணையை அங்கே போய்ப் படித்துக்கொள்ளும்.

கிரானை யார் தொடங்குவது? டிவி புதிதாகத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் யாராவது தொடங்கியாகவேண்டும். ஹோம்ப்ரூ சேனல் அதற்கு வழி வைத்திருக்கிறது. வார் கோப்புறைக்குள் லிப், அதற்குள் வெப்ஓஎஸ்ப்ரூ, அதற்குள் இனிட்.டி என்று ஒரு கோப்புறை. இதில் இயங்கும் அனுமதியோடு இருக்கும் கோப்புகள் எல்லாம் டிவி தொடங்கும்போது ஓடும். கிரானைத் தொடங்கும் ஒற்றை வரி ஸ்கிரிப்டை இங்கே போடவேண்டும். இரண்டு நிபந்தனைகள் உண்டு. கோப்பின் பெயரில் எழுத்து, எண், சிறு கோடு, அடிக்கோடு தவிர எதுவும் இருக்கக்கூடாது. பெயரின் கடைசியில் புள்ளி எஸ்எச் என்று சேர்த்தீர்களானால், புள்ளி இருப்பதால் அந்தக் கோப்பை அது தொடாமல் தாண்டிப் போய்விடும். அடுத்தது, இங்கே இருக்கும் ஸ்கிரிப்ட் உடனே முடிந்துவிடவேண்டும். முடிவில்லாமல் ஓடும் எதையாவது முன்னணியில் ஓட விட்டால் தொடக்க வேலையே அதோடு நின்றுவிடும். தொடக்கம் சரியாக முடியாமல் போனால் அடுத்த முறை ஹோம்ப்ரூ சேனல் பாதுகாப்பு நிலைக்குப் போய், நம் ஸ்கிரிப்டுகளை ஓட்டாமல் நிறுத்திவைக்கும். ஒரு தவறான வரி டிவியையே பூட்டிவிடாமல் காக்கும் ஏற்பாடு அது.

டிவியின் மணியும் நம் மணியும்

திரையில் காட்டும் மணியை நம்பி அட்டவணை எழுதவேண்டாம். எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போய் டேட் என்ற கட்டளையை அடித்துப் பாருங்கள். பல நேரம் அது உலகப் பொது நேரத்தைச் சொல்லும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. கிரான் பார்ப்பதும் அந்தப் பொது நேரத்தைத்தான் என்றால், நம் காலை 6:30-க்கு அட்டவணையில் 0 1 * * * என்று எழுதவேண்டும். அதிகாலை 5:30-க்கு முந்தைய வேலைகளில் கிழமையும் மாறிவிடும். திங்கட்கிழமை அதிகாலை நான்கு மணி என்பது பொது நேரத்தில் ஞாயிறு இரவு 10:30. எனவே 30 22 * * 0. கிரானைத் தொடங்கும் ஸ்கிரிப்டிலேயே இந்திய நேர மண்டலத்தை அறிவித்துவிட்டால் இந்தக் கணக்குத் தேவையில்லை. எதைச் செய்தாலும், இரண்டு நிமிடம் கழித்து ஓடும்படி ஒரு சோதனை வரி எழுதி, எந்த மணிக்கு ஓடுகிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

உறக்கம்

இனிதான் முக்கியமான பகுதி. ரிமோட்டில் நிறுத்துப் பொத்தானை அழுத்தும்போது டிவிக்குள் என்ன நடக்கிறது? ஒரு வகை, சற்று நேரத்தில் கணினிப் பகுதி முழுவதும் அணைந்துவிடும். அடுத்து இயக்கும்போது முதலிலிருந்து தொடங்கும். இன்னொரு வகை, விரைவுத் தொடக்கம் என்ற அமைப்பு இயங்கும்போது. அப்போது டிவி முழுவதும் அணையாமல் உறக்க நிலைக்குப் போகும். இயக்கினால் விட்ட இடத்திலிருந்து விழிக்கும். முதல் வகையில் ஒவ்வொரு நாளும் இனிட்.டி ஓடும், கிரான் புதிதாகத் தொடங்கும். இரண்டாம் வகையில் டிவி புதிதாகத் தொடங்காததால் இனிட்.டி ஓடாது; ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கிரான் விழித்தெழுந்து தன் வேலையைத் தொடரும்.

இரண்டிலும் விளைவு ஒன்றுதான். ஆறரை மணிக்கு டிவி விழித்திருக்கவில்லை என்றால், ஆறரை மணி வேலை நடக்காது. ஏழு மணிக்கு டிவியைப் போட்டால் கிரான் ஆறரையைப் பற்றிக் கவலைப்படாது; ஏழு மணிக்கு என்ன வேலை என்றுதான் பார்க்கும். பிசிபாக்ஸின் கிரானில் இதற்குச் சிறு விலக்கு உண்டு. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே கடிகாரம் முன்னால் தாவினால், தாவல் ஒரு மணி நேரத்துக்குள் இருக்கும்வரை இடையில் விட்ட வேலைகளை எடுத்துச் செய்துவிடும். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால், இத்தனை நிமிட வேறுபாடு என்று பதிவு செய்துவிட்டு விட்டவற்றை மறந்துவிடும். இரவு முழுக்க உறங்கும் டிவிக்கு இந்த ஒரு மணி நேரம் எந்த மூலைக்கு?

மலையில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. வடகிழக்குப் பருவமழையில் காற்றடித்தால் மரம் சாய்ந்து மின்கம்பி அறுகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் பழனி மலையைக் கடந்துபோனதை இங்கே இருப்பவர்கள் மறக்கமாட்டார்கள். புயல் இல்லாத சாதாரண நாளிலும் மின்சாரம் போய்ப் போய் வருகிறது. மின்சாரம் அறவே போய்த் திரும்பினால் பல டிவிகளில் கடிகாரம் தப்பான தேதியோடு எழுந்திருக்கும். இணையத்திலிருந்து சரியான நேரம் வந்து சேரும்வரை, பல ஆண்டுகளுக்கு முந்தைய ஏதோ ஒரு நாளில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும். டிவி விழித்த அந்தக் கணத்தில் மோடம் இன்னும் விழித்திருக்காது. ஆறரை மணிக்கு என்று துல்லியமாகக் குறித்த வேலைக்கு இத்தனை எதிரிகள்.

ஆகவே மணியை நம்பி எழுதும் பழக்கத்தையே டிவியில் விட்டுவிடுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. கொடைக்கானலிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. 1899-ல் தொடங்கிய சூரிய ஆய்வகம், 1904 முதல் நாள்தோறும் சூரியனைப் படம் எடுத்துச் சேர்த்து வருகிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-ல் ஜான் எவர்ஷெட் கண்டறிந்தது இங்கேதான். இந்த மலையில் மேகம் எப்போது மூடும், எப்போது விலகும் என்று எவரும் சொல்லமுடியாது. சரியாக ஒன்பது மணிக்கு எடு, தவறினால் நாளைக்கு என்று இருந்தால் அந்தத் தொகுப்பில் பாதி நாள்கள் வெற்றாகக் கிடக்கும். வானம் திறக்கும்போது எடுக்கவேண்டும். டிவிக்கும் அப்படியே சொல்லவேண்டும்: இன்றைய வேலை முடியவில்லை என்றால், விழித்திருக்கும் எந்த நேரத்திலும் செய், முடிந்துவிட்டது என்றால் சும்மா இரு.

முடிந்ததா என்று கேட்கும் ஸ்கிரிப்ட்

இதற்கு அட்டவணையில் நாளுக்கு ஒரு நேரம் குறிக்காமல், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று குறிக்கிறோம்.

*/10 * * * * படங்கள்

நாளெல்லாம் இத்தனை முறை நகலெடுத்துக்கொண்டே இருக்குமே என்று பயப்படவேண்டாம். ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் ஒரு கேள்வி வைக்கிறோம். வேலை முடிந்ததும் அன்றைய தேதியை ஒரு சிறு கோப்பில் எழுதிவைக்கும்படி செய்கிறோம். அதை முத்திரைக் கோப்பு என்று சொல்கிறேன். அடுத்த முறை ஓடும்போது ஸ்கிரிப்ட் முதலில் முத்திரையைப் படிக்கிறது. அதில் இன்றைய தேதி இருந்தால் உடனே வெளியேறிவிடும். ஒரு கோப்பைப் படித்துவிட்டுத் திரும்புவது டிவிக்குக் கண் சிமிட்டும் நேரத்து வேலை. தேதி வேறாக இருந்தால் நகலெடுக்கும் வேலையைத் தொடங்கும்.

முத்திரையை எப்போது எழுதுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வேலை வெற்றியாக முடிந்த பிறகு மட்டுமே எழுதவேண்டும். லினக்ஸில் ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச்செல்லும். 0 என்றால் வெற்றி, வேறு எதுவானாலும் தோல்வி. நகலெடுக்கும் கட்டளை 0 தந்தால்தான் முத்திரை. மின்சாரம் வந்து டிவி விழித்துவிட்டது, மோடம் இன்னும் இணையவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நகலெடுப்பது தோற்கும், முத்திரை விழாது. பத்து நிமிடம் கழித்து மீண்டும் முயலும், அதற்குள் மோடம் வந்திருக்கும், வேலை முடியும், முத்திரை விழும். யாரும் தொடவேண்டியதில்லை. வேலையைத் தொடங்கும்போதே முத்திரை குத்திவிட்டால், தோற்ற நாளையும் முடிந்த நாளாக எண்ணி ஸ்கிரிப்ட் பேசாமல் இருந்துவிடும்.

தப்பான தேதிக்கும் ஒரு காவல் வேண்டும். ஸ்கிரிப்டின் முதல் வேலையாக ஆண்டைப் பார்க்கச் சொல்லுங்கள். 2024-ஐவிடக் குறைந்த ஆண்டைக் கடிகாரம் காட்டினால், நேரம் இன்னும் சரியாகவில்லை என்று பொருள். எதையும் செய்யாமல் வெளியேறிவிடவேண்டும். ஒரே ஒரு வரி. அது இல்லாவிட்டால், மின்வெட்டுக்குப் பிறகு முத்திரையில் பழைய ஆண்டின் தேதி விழுந்து, நேரம் சரியானதும் அதே வேலை இன்னொரு முறை நடக்கும்.

நகலெடுக்க வேண்டிய படங்கள் அதிகம், இணைப்பும் மெதுவாக இருக்கிறது என்றால் வேலை பத்து நிமிடத்தைத் தாண்டலாம். முந்தையது முடிவதற்குள் கிரான் அடுத்ததைத் தொடங்கிவிடும். கிரானுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. இரண்டும் ஒரே கோப்புகளின் மேல் எழுதத் தொடங்கும். இதைத் தடுக்க ஒரு பூட்டு. ஸ்கிரிப்ட் தொடங்கும்போது தற்காலிக இடத்தில் ஒரு கோப்புறையை உண்டாக்க முயலவேண்டும். அந்தப் பெயரில் கோப்புறை ஏற்கெனவே இருந்தால் கட்டளை தோற்கும். வேறொன்று ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டு வெளியேறலாம். இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுப் பிறகு உண்டாக்குவது போதாது, இரண்டுக்கும் நடுவே இன்னொன்று நுழைந்துவிடலாம். கோப்புறை உண்டாக்கும் கட்டளை இரண்டையும் ஒரே மூச்சில் செய்வதால் அதையே பூட்டாகப் பயன்படுத்துகிறோம். வேலை முடிந்ததும் கோப்புறையை நீக்கவேண்டும். தற்காலிக இடம் பொதுவாக நினைவகத்தில் இருப்பதால், நடுவில் மின்சாரம் போனாலும் பூட்டு தானே அழிந்துவிடும். பூட்டை அங்கே வைக்கச் சொல்வது அதனால்தான். முத்திரையை அங்கே வைக்கக்கூடாது. அது அழியாத இடத்தில் இருக்கவேண்டும்.

கிரானே இல்லாமல், முடிவில்லாத சுழற்சி ஒன்றை எழுதி நடுவில் ஸ்லீப் கட்டளை வைத்துச் செய்வோரும் உண்டு. வேலையைச் செய், பத்து நிமிடம் காத்திரு, மறுபடியும் செய். சிறிய வேலைக்கு அது போதும். இனிட்.டியிலிருந்து பின்னணியில் ஓட விடவேண்டும், அவ்வளவுதான். ஆனால் டிவி உறங்கும் நேரத்தை ஸ்லீப் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. ஆறு மணி நேரம் காத்திரு என்று சொன்னால், விழித்திருந்த ஆறு மணி நேரம் என்றே எண்ணும். சுழற்சி ஏதோ காரணத்தால் நின்றுபோனால் அதை மீண்டும் தொடங்கவும் ஆள் இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட வேலைகள் என்றால் கிரானே மேல்.

பதிவு வைத்துக்கொள்வது

கிரான் ஓட்டும் ஸ்கிரிப்டுக்குத் திரை கிடையாது. பிழை வந்தால் காற்றில் போய்விடும். எனவே ஒவ்வொரு வேலையும் என்ன சொல்கிறது, என்ன பிழை தருகிறது என்ற இரண்டையும் ஒரு பதிவுக் கோப்புக்குத் திருப்பிவிடுங்கள். ஒவ்வொரு வரியின் முன்னும் தேதியும் மணியும் இருக்கட்டும். அக்கா வீட்டு டிவியின் பதிவில் ஒரு மழைக்காலக் காலை இப்படி இருந்தது: முதல் வரியில் 'நேரம் சரியில்லை, வெளியேறுகிறேன்'; கடிகாரமே தப்பாக இருந்ததால் அந்த வரியில் மணியும் தப்பு, தேதியும் தப்பு. அடுத்த வரியில் சரியான தேதியோடு 'இணைப்பு இல்லை'. அதற்கடுத்து 'படங்கள் வந்தன'. மின்சாரம் போனதும், நேரம் திரும்பியதும், மோடம் எழுந்ததும் அந்த மூன்று வரிகளில் வரிசையாகத் தெரிந்தன. எந்த இடத்தில் தடை என்று ஊகிக்கவேண்டிய அவசியமே இல்லை.

பதிவை டிவியின் நிலையான சேமிப்பில் நிமிடந்தோறும் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். அந்த நினைவகம் குறிப்பிட்ட அளவு எழுதியபின் தேயும் இயல்புடையது. முத்திரை பார்த்துவிட்டு வெளியேறும் சாதாரண முறைகளுக்குப் பதிவே வேண்டாம். ஏதாவது நடந்தால் மட்டும் எழுதினால் போதும். கோப்பு வளர்ந்துகொண்டே போகாமல், கடைசி இருநூறு வரிகளை மட்டும் வைத்துக்கொள்ளும்படி ஸ்கிரிப்டின் முடிவில் ஒரு வரி சேர்த்துவிடலாம்.

கையால் ஓட்டினால் ஓடும் ஸ்கிரிப்ட் கிரானில் ஓடவில்லையா? பெரும்பாலும் முகவரிதான் காரணம். நாம் உள்ளே நுழைந்து கட்டளை அடிக்கும்போது எந்தக் கட்டளை எங்கே இருக்கிறது என்று டிவிக்குத் தெரியும். கிரானுக்குத் தெரிந்த இடங்கள் குறைவு. ஸ்கிரிப்டுக்குள் ஒவ்வொரு கட்டளையையும் ஒவ்வொரு கோப்பையும் முழு முகவரியோடு எழுதினால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும்.

விருந்தினர் வந்துபோகும் வீடு என்பதால்

ஹோம்ஸ்டேயில் வைஃபை கடவுச்சொல் வருகிற எல்லோருக்கும் போகிறது. ரூட் செய்த டிவியில் எஸ்எஸ்எச் திறந்திருந்து, ஊரறிந்த தொடக்கக் கடவுச்சொல்லையே வைத்திருந்தால், அந்த வைஃபையில் இருக்கும் யார் வேண்டுமானாலும் டிவிக்குள் ரூட்டாக நுழையலாம். இதை நான் மிகவும் வற்புறுத்திச் சொல்வேன்: விருந்தினருக்குத் தனி வைஃபை கொடுங்கள், டிவியையும் வீட்டுக் கணினியையும் அதில் சேர்க்காதீர்கள். எஸ்எஸ்எச்சுக்குக் கடவுச்சொல்லை விட்டு, உங்கள் கணினியில் இருக்கும் ஒரு ரகசியக் கோப்பே சாவியாகும் சாவிக் கோப்பு முறைக்கு மாறுங்கள். எஸ்எஸ்எச்போல உள்ளே நுழையவிடும், ஆனால் பாதுகாப்பில்லாத பழைய வழியான டெல்நெட் திறந்திருந்தால் மூடுங்கள். நேரப்படி ஓடும் ஸ்கிரிப்ட் ரூட் அதிகாரத்தோடு ஓடுகிறது. அந்தக் கோப்பை வேறொருவர் திருத்த முடிந்தால், அவர் எழுதியதைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உங்கள் டிவி விசுவாசமாக நிறைவேற்றும். இணையத்தில் கிடைத்த ஸ்கிரிப்டைப் படித்துப் பார்க்காமல் அட்டவணையில் போடவும் கூடாது.

ஆண்ட்ராய்டு டிவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. மேஜிஸ்க் என்ற கருவியைக் கொண்டு ரூட் செய்திருந்தால், சர்வீஸ்.டி என்ற கோப்புறையில் வைக்கும் ஸ்கிரிப்ட் டிவி தொடங்கும்போது ஓடும். அதிலிருந்து பிசிபாக்ஸின் கிரானைத் தொடங்கலாம். கோப்புறையின் பெயர் மாறுகிறதே தவிர, உறக்கமும் முத்திரையும் பூட்டும் அங்கேயும் இதேதான்.

எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகு மூன்று சோதனைகள் செய்யுங்கள். முத்திரைக் கோப்பை நீக்கிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். வேலை நடந்து புதிய முத்திரை விழுந்திருக்கவேண்டும். அடுத்து, மோடத்தை அணைத்துவிட்டு மீண்டும் முத்திரையை நீக்குங்கள். பதிவில் தோல்வி விழவேண்டும், முத்திரை விழக்கூடாது, மோடத்தைப் போட்டதும் தானாகச் சரியாகவேண்டும். கடைசியாக டிவியை நிறுத்தி, பிளக்கையும் எடுத்துவிட்டு, சற்று நேரம் கழித்துச் செருகி இயக்குங்கள். கிரான் ஓடுகிறதா என்று ஓடும் நிரல்களின் பட்டியலில் பாருங்கள். இதே சோதனையை விரைவுத் தொடக்கத்தை இயக்கி ஒருமுறை, நிறுத்தி ஒருமுறை செய்துகொள்ளவேண்டும். ஒரு வேலையைச் சில நாள்களுக்கு நிறுத்திவைக்க விரும்பினால் அட்டவணையில் அந்த வரியை அழிக்கவேண்டாம். வரியின் தொடக்கத்தில் # குறியை இட்டால் கிரான் அதைப் படிக்காமல் விட்டுவிடும். சீசன் முடிந்து வீட்டைப் பூட்டும்போது குறியைப் போட்டுவிட்டு, ஏப்ரலில் எடுத்துவிடலாம்.